கைனீசியாலஜி முதுகலை: பட்டத்துக்கு முன்னால் உரிமத்தைப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம். நான் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலை) முடித்து இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். தம்பி பி.பி.இ.எஸ். (உடற்கல்வி இளநிலை) கடைசி ஆண்டு, கபடி ஆடுகிறான். இருவருக்கும் கைனீசியாலஜியில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. கனடாவில் 'ப்ரொஃபெஷனல் மாஸ்டர்ஸ்' இருக்கிறது என்கிறார்கள். அப்பாவுக்கு ஒன்பது மா நஞ்சை, ஒரு வீடு. போகலாமா, எப்படிப் போவது, முடித்தால் என்ன வேலை?

பதில்:

போகலாமா என்று யோசிப்பதற்கு முன்னால், படித்து முடித்து எந்தப் பெயரில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பட்டம் ஒரு பக்கம் இருக்கிறது, வேலை பார்ப்பதற்கான உரிமம் இன்னொரு பக்கம் இருக்கிறது. இந்த இரண்டும் வேறு என்று சேர்ந்த பிறகு தெரிந்துகொள்கிறவர்கள்தான் இந்தப் படிப்பில் பணத்தை இழக்கிறார்கள். உங்களுக்கு ஒரு வழி, தம்பிக்கு வேறு வழி. இருவரும் ஒரே விண்ணப்பத்தை நிரப்பினால் ஒருவராவது ஏமாறுவீர்கள்.

உடல் அசைவைப் பற்றிய அறிவியல்தான் கைனீசியாலஜி. நம் ஊரில் அது ஒரு தாள். பி.பி.டி.யில் பயோமெக்கானிக்ஸோடு சேர்த்துப் படித்திருப்பீர்கள். தம்பிக்கும் ஒரு பருவத்தில் வந்திருக்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் அது தனித் துறை, நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம். அதற்கு மேல் முதுகலை இரண்டு வகை. ஆய்வேடு எழுதும் எம்.எஸ்ஸி. ஒன்று. அதற்கு ஒரு பேராசிரியர் உங்களைத் தன் மாணவராக ஏற்க வேண்டும்; ஏற்றால் பெரும்பாலும் ஏதாவது உதவித்தொகையும் வரும். இன்னொன்று தொழில்முறை முதுகலை. ஆய்வேடு கிடையாது, பாடங்களும் களப்பயிற்சியும்தான், செலவு ஏறக்குறைய முழுக்க நம் கையிலிருந்து. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் 'மாஸ்டர் ஆஃப் ப்ரொஃபெஷனல் கைனீசியாலஜி', வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 'மாஸ்டர் ஆஃப் கைனீசியாலஜி' இரண்டும் இந்த வகையில் சேரும். நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான்.

இனி உரிமம். ஒன்டாரியோ மாகாணத்தில் கைனீசியாலஜி சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பதிவு முறை 2013 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து அங்கே கைனீசியாலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள 'காலேஜ் ஆஃப் கைனீசியாலஜிஸ்ட்ஸ் ஆஃப் ஒன்டாரியோ'வில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயரில்தான் காலேஜ், பாடம் நடத்தும் இடம் இல்லை, நம் மருத்துவ கவுன்சில் மாதிரியான அமைப்பு. பதிவுக்கு அவர்கள் அடிப்படையாகக் கேட்பது நான்கு ஆண்டு கைனீசியாலஜி இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு ஈடான படிப்பு. அதன் பிறகு தகுதித் தேர்வு, மாகாணச் சட்டம் பற்றிய ஒரு பாடம். முதுகலையில் இடம் கிடைத்தாலே பதிவும் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் கண் முதலில் போவது இளநிலைக்குத்தான்.

பதிவு கிடைத்த பிறகு வேலை இருக்கிறதா என்றால் இருக்கிறது. வாகன விபத்தில் அடிபட்டவர்களின் மறுவாழ்வு, இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சித் திட்டம், தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நிலையைச் சோதித்துச் சரிசெய்வது, விளையாட்டு அணிகள் என்று பல இடம். ஆனால் ஒரு எல்லை உண்டு. நோயாளியிடம் 'உங்களுக்கு இன்ன நோய்' என்று நோயறிதலைச் சொல்லும் அதிகாரம் ஒன்டாரியோவில் பிசியோதெரபிஸ்டுக்கு உண்டு, கைனீசியாலஜிஸ்டுக்கு இல்லை. சம்பளத்திலும் பொறுப்பிலும் வரும் வித்தியாசத்துக்கு இதுதான் வேர்.

இங்கேதான் உங்கள் விஷயம் திரும்புகிறது. கையில் பி.பி.டி. வைத்திருப்பவர் லட்சக்கணக்கில் செலவழித்துக் கைனீசியாலஜிஸ்ட் ஆவது பல நேரங்களில் ஒரு படி இறங்குவது. கனடாவில் பிசியோவாகவே பதிவு செய்ய உங்களுக்கு வழி இருக்கிறது. 'கனேடியன் அலையன்ஸ் ஆஃப் பிசியோதெரபி ரெகுலேட்டர்ஸ்' உங்கள் படிப்பை மதிப்பிடும். ஈடானது என்று ஏற்றால் தகுதித் தேர்வு எழுதலாம். தேர்வின் வடிவம் சில ஆண்டுகளாக மாறிக்கொண்டே வருவதால், பழைய மாணவர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல் அவர்களின் தளத்தையே பாருங்கள். வெளிநாட்டில் படித்த பிசியோக்களுக்கென்றே டொராண்டோ பல்கலைக்கழகம் ஓர் இணைப்புப் படிப்பும் நடத்துகிறது. இந்த வழியைக் கணக்கில் எடுத்த பிறகும் உங்களுக்குக் கைனீசியாலஜிதான் வேண்டும் என்று தோன்றினால், அதாவது வலியைக் குறைப்பதைவிட அசைவை அளப்பதிலும் திறனை உயர்த்துவதிலும்தான் மனம் போகிறது என்றால், தாராளமாகப் போங்கள். அது நல்ல படிப்பு. ஏஜென்ட் சொன்னார் என்பதற்காக மட்டும் போகாதீர்கள்.

ஊருக்குத் திரும்புவதாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் கைனீசியாலஜிஸ்ட் என்ற பெயருக்குத் தனி உரிமம் இல்லை. துணை மருத்துவப் படிப்புகளுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம் பிசியோதெரபியை ஒரு தொழிலாக வரிசைப்படுத்துகிறது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ நீங்கள் கிளினிக் வைத்தால் உங்களைக் காப்பது பி.பி.டி., எம்.பி.டி. சான்றிதழ்தான். வெளிநாட்டு முதுகலை அதற்கு மேல் ஓர் அலங்காரமாகவும், உண்மையான திறமையாகவும் இருக்கும், உரிமமாக இருக்காது. அரசு வேலைக்கோ கல்லூரி வேலைக்கோ அதைக் காட்ட வேண்டுமானால் இணைச் சான்று, அதாவது அது இங்குள்ள பட்டத்துக்கு ஈடானது என்ற சான்று தேவை. அதற்கான யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை 2025 ஏப்ரலில் வெளியாகியிருக்கிறது.

தம்பிக்கு முதல் தடை, ஆண்டுக் கணக்கு. பி.பி.இ.எஸ். மூன்று ஆண்டு. மேலே சொன்ன கனடியப் படிப்புகளும் ஒன்டாரியோ பதிவும் நான்கு ஆண்டு இளநிலையை வைத்துத்தான் பேசுகின்றன. மூன்று ஆண்டுப் பட்டத்தோடு நேராக விண்ணப்பித்துக் கட்டணம் இழப்பது வருடா வருடம் நடக்கிறது. அவர் பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் பட்டத்தை இரண்டு ஆண்டில் முடித்தால் மொத்தம் ஐந்து ஆண்டாகிவிடும். அப்போது வெளிநாட்டுக் கதவும் திறக்கும், உள்ளூர் வேலைக் கதவும் திறக்கும். டெல்டாவை ஒட்டியே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது, காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. சென்னையில் என்றால் 1920இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி, மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம்.

எம்.பி.எட்.டும் எம்.எஸ்ஸி.யும் ஒன்று போலத் தெரியும், ஆனால் போகும் ஊர் வேறு. எம்.பி.எட். ஆசிரியர் வேலைக்கான பாதை. கல்லூரி உடற்கல்வி இயக்குநராக யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி முதுகலையில் 55 சதவீதம், நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, போட்டிகளில் ஆடியதற்கான சான்று, இவற்றோடு உடல்தகுதித் தேர்வும் உண்டு: 30 வயது வரை உள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். கபடி ஆடுகிறவருக்கு இந்தத் தூரம் பெரிதில்லை. ஆனால் மாவட்ட, பல்கலைக்கழகப் போட்டிச் சான்றிதழ்களை மழையில் நனையவிட்டுத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். இன்றே ஸ்கேன் செய்து வைக்கச் சொல்லுங்கள். உடற்பயிற்சி உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ் போன்றவற்றில் எம்.எஸ்ஸி. என்பது ஆய்வகம், அணிகளின் விளையாட்டு அறிவியல் பிரிவு, பிறகு பி.எச்டி. என்று போகும். இந்தியாவில் குவாலியரின் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம், மணிப்பால், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆகியவை இந்தத் துறையில் பெயர் பெற்றவை. நீங்கள் இந்தியாவிலேயே இருப்பதானால், விளையாட்டு அல்லது எலும்பு மூட்டுப் பிரிவில் இரண்டு ஆண்டு எம்.பி.டி.தான் கைனீசியாலஜிக்கு மிக அருகில் இருக்கும் தொழில்முறைப் பட்டம். சேரும் முன் அந்தக் கல்லூரியில் ஃபோர்ஸ் பிளேட் (கால் தரையை அழுத்தும் விசையை அளக்கும் தட்டு), ஈ.எம்.ஜி. (தசையின் மின்னலையைப் பதியும் கருவி) இருக்கிறதா, மாணவர்கள் தொடுகிறார்களா, கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். கையேட்டில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம்.

படிப்பில் என்னதான் இருக்கும் என்று புரிய, உங்கள் வயலிலேயே நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடவு நடும் பெண், எடை 50 கிலோ. இடுப்புக்கு மேல் உள்ள உடலின் எடை ஏறத்தாழ 28 கிலோ. முதுகு தரைக்கு இணையாகக் குனிந்தால் அந்த 28 கிலோவின் மையம் முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசைக்குக் கிடைக்கும் நெம்புகோல் தூரம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். 28ஐ 25ஆல் பெருக்கி 5ஆல் வகுங்கள்: 140. கையில் ஒன்றும் தூக்காமலேயே தசை 140 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். இதுவரை இளநிலைக் கணக்கு.

முதுகலையில் இதே பெண்ணின் முதுகில் ஈ.எம்.ஜி. மின்முனை ஒட்டிப் பார்ப்பீர்கள். குனியக் குனிய அலை ஏறும். முழுதாகக் குனிந்ததும் திடீரென்று அலை அடங்கி, கோடு ஏறக்குறைய நேராகிவிடும். புதிதாகப் பார்க்கிறவர் 'தசை ஓய்வாக இருக்கிறது, சுமை இல்லை' என்று எழுதிவிடுவார். அது தவறு. சுமை தசையை விட்டுத் தசைநார்களுக்கும் டிஸ்க்குக்கும் கைமாறியிருக்கிறது. இதை வளைவில் தசை தளர்தல் என்பார்கள். மணிக்கணக்காக இப்படி இழுபட்ட தசைநார் மெல்ல நீண்டுகொடுக்கும். நிமிர்ந்ததும் உடனே பழைய இறுக்கத்துக்கு வராது, முழுதாகத் திரும்ப அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். அந்த இடைவெளியில் நாற்று முடிகளை (கட்டுகளை) வாரித் தூக்கும்போதுதான் 'பிடித்துக்கொண்டது' என்கிறார்கள். ஆகவே, நட்டு நிமிர்ந்தவர் முடியைத் தூக்கும் முன் வரப்பில் நாலு நடை நடந்துவிட்டு வரட்டும். வரிசை முடியும்வரை குனிந்தே இருக்காமல் இடையிடையே நிமிரட்டும். ஒரு கருவி காட்டும் எண்ணை நம்புவதற்கும் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதுகலை என்ற பெயரில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இந்தப் பார்வையைத்தான்.

ஈ.எம்.ஜி.யைப் பற்றி ஒரு குறிப்பு. மின்முனை ஒட்டும் இடத்தில் முடியை மழித்து, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, இரண்டு மின்முனைகளுக்கு நடுவே 20 மில்லிமீட்டர் விட்டு, தசையிழை ஓடும் திசையிலேயே ஒட்ட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் வேர்த்து மின்முனை தளரும். அப்போது வரும் குப்பை அலையைத் தசை என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு பேரின் அலையை அப்படியே ஒப்பிடவும் கூடாது. ஒவ்வொருவரும் முழு பலத்தோடு இழுக்கும்போது வரும் அளவை 100 என்று வைத்து, அதில் எத்தனை சதவீதம் என்றுதான் பேச வேண்டும்.

ஆய்வகம் இல்லாத ஊரில் இருந்துகொண்டே தயாராக முடியுமா? முடியும். விண்ணப்பத்தில் இது பெரிய பலம். ஒரு போன், ஒரு முக்காலி, வீடியோவில் அசைவை அளக்க இலவசமாகக் கிடைக்கும் கினோவியா மென்பொருள் போதும். தம்பியின் குதிக்கும் உயரத்தை அளந்து பழகுங்கள். கால் தரையை விட்ட நொடிக்கும் மீண்டும் தொட்ட நொடிக்கும் இடையிலான நேரத்தை எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, 9.81ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வரும். 0.5 நொடி காற்றில் இருந்தால் 30.7 சென்டிமீட்டர். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம்; ஒரு படம் தவறினாலே விடை 35 சென்டிமீட்டர் ஆகிவிடும், நாலு சென்டிமீட்டருக்கு மேல் பொய். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் அதே ஒரு படத் தவறு அரை சென்டிமீட்டர்தான். ஆறு வாரப் பயிற்சியில் ஒருவர் கூடுதலாகக் குதிப்பதே சில சென்டிமீட்டர் என்னும்போது, 30 படத்தில் எடுத்தவருக்குப் பயிற்சி பலன் தந்ததா, கேமரா பொய் சொன்னதா என்று பிரிக்கவே முடியாது. இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கும்: முட்டியை மடக்கி இறங்கினால் கால் தாமதமாகத் தரை தொடும், குதிக்காத உயரத்தைக் குதித்ததாகக் கணக்குக் காட்டும். எழும்பிய நிலையிலேயே கால் நீட்டி இறங்கச் சொல்ல வேண்டும்.

மூட்டுக் கோணம் அளப்பதானால் கேமரா இடுப்பு உயரத்தில், அசைவின் தளத்துக்குச் செங்குத்தாக, ஐந்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அதே தளத்தில் ஒரு மீட்டர் குச்சியை நிறுத்தி அளவு கொடுங்கள். கேமரா சற்றுச் சாய்ந்தாலும் கோணம் சில பாகை தவறும். தொடையெலும்பின் வெளி முடிச்சு, முட்டியின் வெளிப்பக்கம், கணுக்கால் வெளி எலும்பு மூன்றிலும் ஒட்டுப்பொட்டு வைத்துவிடலாம். லுங்கியோ தொளதொளப் பேன்ட்டோ இருந்தால் துணியைத்தான் அளப்பீர்கள். நீங்கள் இன்டர்ன்ஷிப்பில் இருப்பதால் ஆறு நிமிட நடைச் சோதனையையும் முறைப்படி செய்யுங்கள்: 30 மீட்டர் சமதளம், இரண்டு முனையிலும் கூம்பு, 3 மீட்டருக்கு ஒரு கோடு. மருத்துவமனைத் தாழ்வாரம் குட்டை என்று 15 மீட்டரில் நடத்தினால் திரும்பும் எண்ணிக்கை இரட்டிப்பாகி, தூரம் குறைந்து வரும். அப்போது நெல் காயும் சிமென்ட் களமே மேல்.

இனி காகிதம். டெல்டாப் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது பெயரில். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக, ஆதாரில் இன்னொரு எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் சான்று மதிப்பீட்டு நிறுவனம் கோப்பை நிறுத்தி வைக்கும். முதலில் பாஸ்போர்ட்டை முடிவு செய்து, இனி எழுதும் எல்லாத் தேர்விலும், ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு உட்பட, அந்தப் பெயரையே அப்படியே கொடுங்கள். பாஸ்போர்ட் சேவை மையம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பாடங்களின் மதிப்பெண்ணும் சேர்ந்த அதிகாரப்பூர்வப் பட்டியல். உங்களுக்கு அது மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து மூடிய உறையில் வர வேண்டும், இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதைவிட முக்கியம், பாடத்திட்டம். உரிம அமைப்புகள் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம், மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மணி, அதில் எலும்பு மூட்டு எவ்வளவு, நரம்பு எவ்வளவு, இதய நுரையீரல் எவ்வளவு என்று துருவிக் கேட்கும். இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் தினசரிப் பதிவேட்டில் இதைப் பிரித்து எழுதி, பொறுப்பாளர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். வெளியே வந்து மூன்று ஆண்டு கழித்துப் போனால் அந்தப் பொறுப்பாளர் மாற்றலாகிப் போயிருப்பார். பாடத்திட்டப் புத்தகத்தையும் முதல்வர் முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி வையுங்கள்.

பரிந்துரைக் கடிதம் எழுதுகிற ஆசிரியருக்குக் கல்லூரியின் மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த ஜிமெயிலிலிருந்து போகும் கடிதத்தைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. 'ஒழுக்கமான மாணவி, கடின உழைப்பாளி' என்று எழுதினால் பயனில்லை. நீங்கள் என்ன அளந்தீர்கள், எந்த நோயாளியிடம் எந்த முடிவு எடுத்தீர்கள் என்று ஆசிரியர் எழுத, அந்தக் குறிப்புகளை நீங்களே ஒரு பக்கத்தில் அவருக்குக் கொடுங்கள். உங்கள் நோக்கக் கடிதத்துக்கும் இதே விதி. 'சிறு வயது முதல் விளையாட்டில் ஆர்வம்' என்ற வரியை ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். நடவுப் பெண்களின் முதுகை அளக்க வேண்டும் என்பதை உங்களால் மட்டும்தான் எழுத முடியும்.

ஆங்கிலத் தேர்வில் டொராண்டோவின் முதுகலைப் பிரிவு ஐ.ஈ.எல்.டி.எஸ். 7.0 கேட்கிறது, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் கீழே போகக் கூடாது. நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எழுத்துப் பகுதிதான் 6.0இல் நின்றுவிடுகிறது. அதற்கு மட்டும் மூன்று மாதம் ஒதுக்குங்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். செப்டம்பரில் தொடங்கும் வகுப்புக்கு விண்ணப்பம் முந்தைய குளிர்காலத்திலேயே மூடிவிடும் என்பதால், சம்பா நாற்று விடும் நாட்களில் ஆங்கிலத் தேர்வும், பொங்கலுக்குள் விண்ணப்பமும் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

பணம். கனடா மாணவர் அனுமதிக்குக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, வாழ்க்கைச் செலவுக்கென ஒருவருக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். இது 2025 செப்டம்பர் 1 முதல் உள்ள கணக்கு, கியூபெக் தவிர்த்து. டாலர் 60 ரூபாய் என்று வைத்தாலே 13.7 லட்சம். கட்டணம் அதற்கு மேல். வாரத்துக்கு 24 மணி நேரம் வெளியே வேலை பார்க்கலாம் என்று ஏஜென்ட் சொல்வார்; அது விதியில் உண்டு, ஆனால் களப்பயிற்சி நடக்கும் பருவத்தில் அந்த நேரம் உங்களிடம் இருக்காது. அதை வருமானமாகக் கணக்கில் எழுத வேண்டாம். நல்ல செய்தியும் இருக்கிறது: எட்டு மாதத்துக்குக் குறையாத முதுகலையை முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டு வேலை அனுமதி கிடைக்கும். 2026 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களின் முதுகலை மாணவர்களுக்கு மாகாண உறுதிக் கடிதமும் (மாணவர் ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்று மாகாணம் தரும் கடிதம்) தேவையில்லை.

கல்விக் கடனுக்கு 'ஒன்பது மா நஞ்சை இருக்கிறதே' என்று அப்பா நம்பிக்கையோடு இருப்பார். அங்கேதான் சிக்கல். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் 31ஆம் பிரிவு விவசாய நிலத்தை விலக்கி வைத்திருக்கிறது. அதாவது கடன் வராமல் போனால் வங்கி நஞ்சையை அந்தச் சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது. அதனால் பெரும்பாலான வங்கிகள் கல்விக் கடனுக்கு நஞ்சையை ஈடாக ஏற்பதில்லை. மிஞ்சுவது வீடு. அந்த வீடு நிற்கும் மனை யாருடையது என்று பாருங்கள். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் கோயில் அல்லது மடத்து அடிமனையில் நிற்கின்றன; சுவர் நம்முடையது, மண் சாமியுடையது. அதையும் அடமானம் வைக்க முடியாது. சொந்த மனையாக இருந்தால் பட்டா, மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று மூன்றையும் இப்போதே எடுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் மாற்றவே மாதங்கள் ஆகும், இடம் கிடைத்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

30 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, 10 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 40,500 ரூபாய். டெல்டாவில் தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் பிசியோவின் சம்பளம் அதில் பாதியைத் தொடுவதே அரிது. ஆகவே கடன் வாங்கிப் போகிறவர் அங்கே உரிமம் பெற்றுச் சில ஆண்டாவது வேலை பார்த்தே தீர வேண்டும். இதனால்தான் உரிமம் கிடைக்குமா என்பதை முதலில் கேட்கச் சொல்கிறேன். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையையும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் முதலில் பாருங்கள், கடன் பிறகு.

செலவு தாங்காது என்று தோன்றினால் ஜெர்மனி இருக்கிறது. கொலோன் நகரின் ஜெர்மன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு, மருத்துவம் சார்ந்த மனிதத் தொழில்நுட்ப எம்.எஸ்ஸி. ஆங்கிலத்தில் நடக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கான பங்களிப்புத் தொகை மட்டும். இந்தியர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றும் (படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது), ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கும் (வாழ்க்கைச் செலவுக்கு முன்கூட்டியே போட்டு மாதாமாதம் எடுக்கும் கணக்கு) வேண்டும். ஆனால் அது அளவீடு, கருவி, ஆய்வு பக்கம் சாய்ந்த படிப்பு. நோயாளியைத் தொடும் உரிமம் தராது.

ஆஸ்திரேலியாவில் இதே வேலைக்கு 'எக்சர்சைஸ் பிசியாலஜிஸ்ட்' என்று பெயர். அங்கீகாரம் தருவது எஸ்ஸா (எக்சர்சைஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் ஆஸ்திரேலியா) என்ற அமைப்பு. அங்கேயும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் சேரும் முதுகலை அந்த அங்கீகாரத்துக்கு நேராகக் கொண்டுபோகுமா, இல்லையா.

இந்த வாரமே செய்ய வேண்டியது இரண்டு மின்னஞ்சல். ஒன்று, நீங்கள் நினைக்கும் மாகாணத்தின் உரிம அமைப்புக்கு: 'என்னிடம் நான்கரை ஆண்டு பி.பி.டி. இருக்கிறது, உங்கள் மாகாணத்தில் இந்த முதுகலையை முடித்தால் பதிவுத் தேர்வு எழுதத் தகுதி உண்டா, என் இளநிலையில் எந்தப் பாடம் குறைகிறது' என்று. இன்னொன்று பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுக்கு: களப்பயிற்சி இடத்தைப் பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்யுமா, மாணவரே தேட வேண்டுமா, வெளிநாட்டு மாணவருக்கு அதில் தனி நிபந்தனை உண்டா என்று. இரண்டுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை எந்த ஏஜென்டுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். அப்பாவிடம் நிலம், வீடு பற்றிப் பேச்செடுக்கவும் வேண்டாம்.